வரிப்புலிக்கு வந்த பதில்

ஒருவன்மீது குற்றம் சாட்டினால், அந்தக் குற்றத்தை அவனுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டவேண்டும். காட்டிய பிறகு, அதற்கு அவன் என்ன சொல்கிறான் என்று கேட்கவேண்டும். இது விதி. கண்டியில் கோழி திருடியவனுக்கும் இந்த விதி இருந்தது. கோழியைக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு, தான் பிறவியிலிருந்தே சைவம் என்று சாதித்தவனுக்கும் இருந்தது. ஆனால் மனிதனைத் தின்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு முழுச் சனத்துக்கு இருக்கவில்லை. அந்தக் குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் வைக்கப்படவில்லை என்பதுதான் காரணம். அது பயஸ்கோப் கொட்டகையில், வெள்ளைத் திரையில், ஆங்கிலத்தில், ஆர்மோனியம் முழங்க வைக்கப்பட்டது.

இந்த அநியாயத்தை உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் எங்கள் ‘அதாவது’ ஐயா. அவரைப்போல ஒரு மனிதர் கண்டியில் முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை. இரண்டாவதாக ஒருவர் பிறந்திருந்தால் ஊர் தாங்கியிராது.

ஞானஸ்நானத்தின்போது அவருக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. அவர் நீதிமன்றத்தில் துபாஷியாக இருந்தவர். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்கு ஆங்கிலத்திலும், நீதவான் ஆங்கிலத்தில் சொல்வதைச் சாட்சிக்குத் தமிழிலும் சொல்லவேண்டும். எதைச் சொன்னாலும் ‘அதாவது’ என்று ஆரம்பிப்பார். ஆங்கிலத்தில் சொல்லும்போதும் தமிழ் ‘அதாவது’தான் முதலில் வரும். அதற்கு நிகரான ஆங்கிலச் சொல் இன்னும் உருவாக்கப்படவில்லை என்பது அவர் கட்சி.

“நீ அவனை அடித்தாயா?” என்று நீதவான் கேட்பார். “நான் ஏன் சாமி அவனை அடிக்கப்போறேன்?” என்பான் சாட்சி. வேறெந்தத் துபாஷியும் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். இவர் எழுந்து நிற்பார். “அதாவது, கனம் நீதவான் அவர்களே, சாட்சி பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்கிறான். தான் ஏன் அடிக்கவேண்டும் என்பதற்கான காரணத்தை நீதிமன்றமே சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறான்.”

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டார்கள். அவரைக் கவிழ்த்தது ஒரு கொட்டாவி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வழக்கு. கூண்டில் நின்ற எதிரி தன் கதையை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்க, நீதவான் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். துபாஷி உடனே எதிரியிடம் திரும்பினார். “அதாவது, நீ சொல்றது ஐயா அவர்களுக்கு நம்பிக்கை தரல்ல. சுருக்கிச் சொல்லு.” எதிரியின் வழக்கறிஞர் துள்ளியெழுந்து, கொட்டாவியைப் பதிவுசெய்யும்படி கேட்டார். பதிவாகிவிட்டது. பதிவேட்டில் ஏறியதை இறக்குவதற்கு எந்த விதியும் கிடையாது. வழக்கை வேறொரு நீதவான் முதலிலிருந்து விசாரிக்கவேண்டியதாயிற்று. துபாஷியைப் பொதுநலன் கருதி வீட்டுக்கு அனுப்பினார்கள், ஓய்வூதியம் இல்லாமல்.

“ஏன் ஐயா கொட்டாவியையெல்லாம் மொழிபெயர்த்தீர்கள்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அதாவது தம்பி, கோட்டுல நடக்கிறது எல்லாம் கூண்டுல நிக்கிறவனப் பத்தினது. அவனுக்குத் தெரியாம அங்க ஒண்ணும் நடக்கக் கூடாது. கொட்டாவியும்தான்.”

அப்போது நான் ஓர் அரசாங்கக் கந்தோரில் மனுக்களுக்கு இலக்கமிடும் இளங்குமாஸ்தா. எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன். அதன் ஓய்வூதியத்தில்தான் இன்றும் சாப்பிடுகிறேன்.

வேலை போன துபாஷிக்குக் கை கொடுத்தவர் கொட்டகை நானா. முஸ்லிம் அண்ணன்மாரை ‘நானா’ என்பது எங்கள் வழக்கம். அக்குறணையிலிருந்து வந்து, துணி வியாபாரம் செய்து, பிறகு பயஸ்கோப் கொட்டகை போட்டவர். அது ஊமைப்படக் காலம். படம் ஓடும், இடையிடையே ஆங்கில எழுத்து வரும். முன்வரிசைக் கதிரைக்காரர்கள் வாசித்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பின்னால் மர வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கலரிக்கு யார் சொல்வது? திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு ஒருவர் நின்று தமிழில் சொல்லவேண்டும். நானாவுக்கு வேண்டியிருந்தது பெரிய குரல் ஒன்று. கறுப்புக் கோட்டு இலவசமாகக் கிடைத்தது.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். சாகசப் படமென்றால் ஐயாவுக்கு உயிர். குதிரை பாய்ந்தால் இவருடைய முழங்காலும் பாயும். கப்பலில் கத்திச்சண்டை வந்தால், பிரம்பால் ஆர்மோனியக்காரரைக் குத்திவிடுவார். வாரத்தில் நடந்த அத்தனை காட்சியிலும் அந்த ஒரே படத்தை வாய்பிளந்து பார்த்த ஒரே மனிதர் அவர்தான். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே.

ஒரு படத்தில் வெள்ளைக்கார வீரன் காட்டுக்கோயில் ஒன்றுக்குள் புகுந்து, சிலையின் கண்ணிலிருந்த இரத்தினக் கல்லைத் தோண்டி எடுத்தான். கலரி விசிலடித்தது. பிரம்பு திரையைத் தட்டியது.

“அதாவது, இப்ப நடந்தது களவு. அதுவும் கோயில் களவு. ஐயா யாருக்கிட்டயும் கேக்கல. பின்னால ஈட்டியோட ஓடி வர்றாங்களே, அவங்கதான் முறைப்பாட்டுக்காரங்க.”

அந்த நிமிடத்திலிருந்து கலரி கட்சி மாறியது. வீரன் மரப்பாலத்தில் தொங்கியபோது, “விடாதே, புடி! கல்ல வாங்கு!” என்று ஈட்டிக்காரர்களுக்கு உற்சாகம் கொடுத்தது. முன்வரிசைக் கதிரைகளில் முகங்கள் சுளித்தன. படம் முடிந்ததும் நானா ஓடி வந்தார்.

“ஐயா, ஒங்கட கையப் புடிச்சிக் கேக்குறேன். வெள்ளக்காரன்தான் வீரன். அவனப் பாக்கத்தான் சனம் டிக்கட் எடுக்குது.”

“அதாவது நானா, உங்க துணிக்கடையில ஒருத்தன் பூந்து பட்டுச் சீலைய எடுத்துக்கிட்டு ஓடினா, நீங்க கையா தட்டுவீங்க?”

நானா கையை உதறினார். “அது வேற.”

“எப்பிடி வேற?”

“அது என்ட கட!”

“அதாவது, அதேதான்.”

இப்படியிருக்கையில் அந்தப் படம் வந்தது. பெயரை மறந்துவிட்டேன். மறக்கத் தகுந்த பெயர். கீழ்த்திசைக் கடலில் ஒரு தேயிலைத் தீவு. மலை, பனி, பங்களா, அதில் ஒரு அழகான துரை. அவருடைய தோட்டத்து ஆட்கள் பகலில் கொழுந்து பறிப்பார்கள். பொழுது சாய்ந்தால் மூக்கில் எலும்பைச் செருகிக்கொண்டு ‘கும்பா’ என்ற சாதியாராக மாறி, துரை கட்டிக்கொள்ளவிருக்கும் பெண்ணைச் சமைத்துத் தின்ன ஏற்பாடு செய்வார்கள். துரை சட்டைப்பையிலிருந்து ஒரு லைட்டரை எடுத்துப் பற்றவைப்பார். நெருப்பையே கண்டறியாத கும்பாக்கள் தெய்வமே என்று மண்ணில் விழுவார்கள். போதாக்குறைக்கு ஒரு வரிப்புலியும் பாய்ந்தது. இந்தத் தீவில் சிறுத்தை உண்டு, வரிப்புலி கிடையாது என்பது எங்கள் கந்தோர்ப் பியூனுக்கே தெரியும். கும்பாக்களோ, கரி பூசிக்கொண்ட வெள்ளைக்காரர்கள். மழைக்காட்சியில் கும்பாத் தலைவருக்குக் கறுப்பு கரைந்து கழுத்துவரை இறங்கிவிட்டது. அதையும் அப்படியே விட்டிருந்தார்கள். பார்க்கப்போகிறவர்கள் யார் என்பதில் அவர்களுக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

நாங்கள் குமாஸ்தாக்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். சிகரெட் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் அல்லவா, துரை பக்கத்தில் நிற்பதாகவே நினைப்பு.

படம் வந்த சில நாட்களில் ‘கும்பா’ தெருவில் இறங்கியது. கழுத்துப்பட்டி கட்டி இங்கிலீசு படிக்கும் கல்லூரி வாலிபர்கள், தோட்டத்து ஆட்கள் எதிரே வந்தால் “கும்பா! கும்பா!” என்று நாக்கை நீட்டிக் குதித்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த கும்பா ஒன்றுதான்: சோறு போட்டுத் தின்னும் வெண்கலப் பாத்திரம்.

பன்விலப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் செபமாலை என்ற பெண், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடைத்தெருவுக்கு வந்தார். பாத்திரக் கடையில், “அண்ணே, கும்பா ஒண்ணு எடுங்க” என்றார். பக்கத்தில் நின்ற வாலிபர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “டேய், கும்பாவே கும்பா கேக்குதுடா!”

நானும் அதாவது ஐயாவும் அந்த வழியாக வந்துகொண்டிருந்தோம். செபமாலைக்கு அவரைத் தெரியும். முன்பொரு வழக்கில் அவருக்காக இவர் மொழிபெயர்த்திருந்தார்.

“தொபாசி ஐயா, கும்பா கேட்டா ஏன் சிரிக்கிறாங்க? நான் என்ன தப்பாக் கேட்டேன்?”

“அதாவது...” என்றார் ஐயா. அத்தோடு நின்றுவிட்டார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒன்றும் வராமல் நின்றதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். பிறகு, “பொழுது சாயக் கொட்டகைக்கு வாங்கம்மா. உங்க ஆளுகளையும் கூட்டிட்டு வாங்க. உங்க மேல ஒரு குத்தம் இருக்கு. அதை அங்கதான் வாசிக்கிறாங்க” என்றார்.

செய்தி கேட்ட நானா ஐயாவை வாசலிலேயே மறித்தார். “ஐயா, இண்டைக்கு முன்கதிரைக்கு ரெண்டு தோட்டத்துத் துரைமார் வாராங்க. எழுதி இரிக்கிறத மட்டும் செல்லுங்க. ஒரு சொல்லு மாறினாலும் எனக்கு லைசன் இல்ல, ஒங்களுக்கு வேல இல்ல. வேற எங்க போவீங்க?”

அது பயமுறுத்தல் அல்ல. உண்மை. அந்தக் கொட்டகைச் சம்பளத்தை விட்டால் ஐயாவுக்கு அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பிரம்பை எடுத்துக்கொண்டு போனார்.

படம் தொடங்கியது. முதல் எழுத்து: ‘கூலிகள்’ கொழுந்து பறிக்கிறார்கள். ஐயா வாயைத் திறந்தார். மூடினார். பிறகு பிரம்பை உயர்த்தி, படம் காட்டுபவரை நிறுத்தச் சொன்னார்.

“அதாவது, இதுல ‘கூலி’ன்னு எழுதியிருக்கு. கூலின்னா வேலைக்குக் குடுக்கிற காசு. காச வாங்குற மனுசனுக்கு அது பேர் இல்ல. கவர்னர் துரைக்குச் சம்பளம் குடுக்கிறாங்க. அவரப் பாத்து, ‘ஏய் சம்பளம், இங்க வா’ன்னு யாராச்சும் கூப்பிடுறீங்களா?”

கலரி கொல்லென்று சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை.

“எங்கப்பன் தோட்டத்து லயத்துல பொறந்தவன். அவனுக்கு அந்தோனின்னு பேர் இருந்துச்சு. சாகுறவரைக்கும் ‘கூலி’ன்னுதான் கூப்பிட்டாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கோட்டையும் ஆங்கிலத்தையும் பார்த்து, ஊரே அவரைப் பெரிய முதலியார் பரம்பரை என்றல்லவா நினைத்திருந்தது!

முன்வரிசையில் ஒரு துரை எழுந்தார். தோட்டத்துரை ஆகவேண்டுமானால் தமிழ் கற்றுத் தேறவேண்டும் என்பது அக்காலத்து ஏற்பாடு. அதட்டுவதற்குப் போதுமான தமிழ் எல்லாத் துரைக்கும் இருந்தது.

“ஏ மனுசன்! நீ சொல்றது அங்கே எழுதி இல்லே!”

ஐயாவின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் முறைப்படி வந்த முதல் ஆட்சேபணை! “கனம் துரை அவர்கள் ஆட்சேபிக்கிறார். ஏற்றுக்கொள்ளப்பட்டது. மேலே சொல்லுங்க துரை.”

துரை குழம்பிப்போனார். “இது சும்மா கதை. யாருக்கும் நோவு இல்லே. நீ படம் காட்டு.”

“அதாவது துரை, கதைன்னா எல்லாமே கதையா இருக்கணும். இதுல தேயிலை நெசம், பங்களா நெசம், துரை நெசம். நாங்க மட்டும் ஏன் பொய்?”

“அவங்க சிரிக்கிறாங்க, பாரு! அவங்களுக்குப் படம் பிடிக்குது!”

கலரியிலிருந்து ஒரு கிழவர் எழுந்து, துரைக்குத் துணை போனார். “ஆமாங்க ஐயா. துரை குதிரையில பாயிறது நல்லாத்தான் இருக்கு. அத வெட்டிப்புடாதீங்க.”

“அதாவது பெரியவரே, வெட்டச் சொல்லல. எனக்கும் குதிரை புடிக்கும். குத்தம் சொன்னா, பதில் சொல்ல விடணும். அதத்தான் கேக்குறேன்.” கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நீதிமன்றக் குரலில் கலரியைப் பார்த்து வாசித்தார். “நீங்கள் பகலில் கொழுந்து பறித்து, பொழுது சாய்ந்ததும் கும்பா என்ற பெயரில் மனிதரைச் சமைத்துத் தின்பதாக உங்கள்மேல் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. குற்றவாளியா, சுற்றவாளியா?”

சுற்றவாளி என்றால் எங்கள் நீதிமன்றங்களில் குற்றமற்றவன் என்று பொருள். செபமாலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“ஐயோ, மாதாவே! சத்தியமா இல்லீங்க ஐயா. வெள்ளிக்கிழமைன்னா நாங்க ஆட்டுக்கறியே தொடமாட்டோம். கருவாட்டோட நிப்பாட்டிக்குவோம். மத்த நாள்ல ஆட்டுக்கறிக்கே வழியில்ல, மனுசக்கறிக்கு எங்க போறது?”

கொட்டகை அதிர்ந்தது. முன்வரிசைக் கதிரைகளும் சிரித்தன. இரண்டாவது துரை வாய்விட்டுச் சிரித்து, முதல் துரையின் முறைப்பை வாங்கிக்கொண்டார். செபமாலை மட்டும் உட்காரவில்லை.

“அப்ப அந்தப் பசங்க சிரிச்சது இதுக்கா ஐயா?”

“இதுக்குத்தாம்மா.”

“நான் சோறு தின்ன ஏனத்தையில்ல கேட்டேன்” என்றார் செபமாலை.

அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

படத்தை ஓட்டித்தானே ஆகவேண்டும், ஓட்டினார்கள். துரை லைட்டரைப் பற்றவைத்து, கும்பாக்கள் மண்ணில் விழுந்த இடத்தில், குதிரைக்குப் பரிந்து பேசிய அந்தக் கிழவர் மடியிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்து, நிதானமாக உரசி, ஒரு பீடியைப் பற்றவைத்தார். பக்கத்திலிருந்தவரும் பற்றவைத்தார். பிறகு வரிசை வரிசையாகக் கலரி முழுவதும் நெருப்புக்குச்சி. புகையில் திரை மறைந்தது. துரை தெய்வமானாரா இல்லையா என்பதை அன்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாளே துரையின் முறைப்பாடு போய்விட்டது. நானா கண்கலங்கியபடி வேலையிலிருந்து நிறுத்தினார். “நீங்க செஞ்சது சரி ஐயா. அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனா லைசன் குடுக்கிறது அல்லாஹ் இல்லியே.”

ஐயா கோபிக்கவில்லை. நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு மேசையையும் கதிரையையும் போட்டு, பிறருக்கு மனு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். எழுதிய முதல் மனு அவருடையதே. அது என் கைக்குத்தான் வந்தது. படத்தைத் தடைசெய்ய வேண்டாம், இப்படியான படம் ஓடும்போது குற்றம் சாட்டப்பட்டவர்களின் பதிலையும் திரையிலேயே காட்டவேண்டும் என்று கேட்டிருந்தார். மேலதிகமாக, கூலி என்ற சொல்லைப் பற்றிச் சில பக்கங்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: ‘இத்தீவில் வரிப்புலியும் கிடையாது.’

மனுவை அதற்குரிய அதிகாரி விசாரித்து, மனுதாரருக்குப் பதில் எழுதவேண்டும். இதுவும் விதிதான். நடந்ததைக் கேளுங்கள். ‘கூலி’ என்று எழுதியிருந்ததால், தொழிலாளர் விவகாரம் பார்ப்பவர்களுக்குப் போனது. சம்பளப் பிணக்கு எதுவும் இல்லை என்று திரும்பி வந்தது. ‘தின்பது’ என்று இருந்ததால் சுகாதாரம் பார்ப்பவர்களுக்குப் போனது. மனித இறைச்சி விற்பனைக்கு எவரும் அனுமதி கோரவில்லை என்று திரும்பி வந்தது. படித்தவர்கள்தான் எல்லோரும். நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், அந்த மனுவை முதலிலிருந்து கடைசிவரை வாசித்த அதிகாரி ஒருவரைக்கூட நான் காணவில்லை.

ஐயா வாராவாரம் எங்கள் ஜன்னலுக்கு வருவார்.

“பதில் வந்ததா தம்பி?”

“பரிசீலனையில் இருக்கிறது ஐயா.”

“அதாவது?”

“யாரும் பார்க்கவில்லை.”

“சரியான மொழிபெயர்ப்பு” என்று மெச்சிவிட்டுப் போவார்.

இதற்கிடையில் பேசும் படம் வந்தது. ஊர் ஊராகப் பிரம்போடு நின்றவர்களுக்கெல்லாம் வேலை போனது. காட்டுமிராண்டிகளுக்கு இப்போது குரலும் கிடைத்துவிட்டது, ‘ஊ ஊ’ என்று கத்துவதற்கு. பக்கத்தில் நின்று ‘அதாவது’ என்று சொல்ல ஆளில்லாததால், எல்லோரும் நம்பினார்கள். ஐயா அந்தப் படங்களையும் விடவில்லை. கலரியில் உட்கார்ந்து பார்ப்பார். நானா அவரிடம் ஒருநாளும் டிக்கட் கேட்டதில்லை. குதிரை பாய்ந்தால் முழங்கால் பாயும். அடுத்த காட்சியில், பக்கத்திலிருப்பவரிடம் வழக்கை ஆரம்பித்துவிடுவார்.

கடைசியில் ஒருநாள் பதில் வந்தது. காட்டு விலங்குகளைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் மனு எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம்: மனுதாரர் சுட்டிக்காட்டியது சரி, இத்தீவில் வரிப்புலி கிடையாது, குறிப்பிட்ட படம் அந்த அளவில் பிழையானது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இல்லாத மிருகத்துக்கு நீதி வழங்கியிருக்கிறார்கள். இருக்கிற மனிதருக்கு ஒரு சொல் இல்லை. செபமாலைக்கு ஒரு சொல் இல்லை. அந்தோனிக்கு ஒரு சொல் இல்லை. பதிலைத் தபாலில் சேர்க்க மனமில்லாமல், நானே கையில் எடுத்துக்கொண்டு மழையில் அவருடைய மேசைக்குப் போனேன். என்ன ஆறுதல் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன்.

ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு என்னை உரக்க வாசிக்கச் சொன்னார். எழுந்து நின்று கேட்டார்.

“அதாவது தம்பி, படம் பொய் சொல்லியிருக்குன்னு கவர்மெண்டே கையெழுத்துப் போட்டிருக்கு!”

“புலியைப் பற்றி மட்டும்தானே ஐயா?”

“ஒரு விசயத்துல பொய் சொல்லி மாட்டின சாட்சியோட மத்த வார்த்தைய எந்தக் கோட்டு நம்பும்? அவ்வளவுதான், வழக்கு முடிஞ்சுது.” கடிதத்தை மடித்துக் கோட்டின் உட்பையில் வைத்தார். மேசையைப் பூட்டினார். “பன்வில பஸ் எத்தனை மணிக்கு?”

“இந்த மழையில் எதற்கு ஐயா?”

“தீர்ப்பு வந்திருக்கு. அந்தம்மாவுக்கு வெளங்குற மொழியில வாசிச்சுக் காட்ட வேணாமா?”

பஸ் நிலையம்வரை நான்தான் குடை பிடித்துக்கொண்டு போனேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, உட்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பஸ் புறப்படும்போது அவருடைய உதடுகள் அசைந்தன. என்ன சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குக் கேட்கவேண்டியிருக்கவில்லை. முதல் சொல் எனக்குத் தெரியும்.

என் கலியாண நாளை நான் ஒருமுறைக்கு மேல் மறந்திருக்கிறேன். வீட்டில் அதற்குச் சாட்சி உண்டு. ஓய்வுபெற்ற தேதியைக் கேட்டால் கடிதத்தைத் தேடவேண்டும். ஆனால் இது மட்டும் மறக்கவில்லை: அவருக்குப் பதில் வந்தது, குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை.